வேஸ்ட் துணியை ஒளித்து வைத்த நாள்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்த ஆள் நான்தான் என்று என் மாமியார் முடிவு கட்டியிருந்தார். பெண் பார்க்க வந்தபோது, பத்தாவது பாஸ் என்று என் வீட்டில் பெருமையாகச் சொல்லிவிட்டார்கள். ஆங்கிலத்தில் என்ன மார்க் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டு அம்மாவின் எதிரே என்னை உட்கார வைத்திருக்க மாட்டார்கள்.

சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு மாமியாருக்கு மிஞ்சியது ஒரு ஷெட்டும் சில தையல் மெஷின்களும். தாம்பரத்தில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்யும் கம்பெனிகள் வெட்டித் தள்ளும் துண்டுத் துணியை என் வீட்டுக்காரர் மொபெட்டில் மூட்டையாகக் கட்டிக் கொண்டு வருவார். அதற்குப் பெயர் கட்டிங் வேஸ்ட். துவைத்து, நிறம் பிரித்து, ஒட்டுப்போட்டுத் தோள்பை தைப்போம். மார்க்கெட்டில் கடைக்குக் கடை பிளாஸ்டிக் பையைச் சும்மா கொடுக்க ஆரம்பித்ததும் எங்கள் பை அப்படியே தேங்கிவிட்டது. ஷெட்டை சிமெண்ட் குடோனாகக் கேட்டு ஒருவர் நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான், ஏதோ கண்காட்சியில் எங்கள் பையைப் பார்த்த ஏஜென்ட் ஒருவர் வந்தார். ஜெர்மனியில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாவுக்குப் பை பிடித்துவிட்டதாம், தைக்கும் இடத்தை நேரில் பார்க்க வருகிறாராம். பிடித்தால் ஆர்டர். பிடிக்காவிட்டால் சிமெண்ட்.

மாமியார் உடனே வேலையில் இறங்கினார். “விருந்தாளி வரச்சொல்ல குப்பையவா காட்டுவாங்க?” மூட்டைகளெல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனைக்குப் போயின. மேலே தார்ப்பாய். ஷெட்டில் புதுத் துணி வாங்கி அடுக்கினோம். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சார் தன் சோபாவை, எண்ணெய்த் தலையோடு யாரும் சாயக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எனக்கு ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தார். “நோ வேஸ்ட், மேடம். ஆல் நியூ.” துணி காயப்போடும்போதும் குழம்பு கொதிக்கும்போதும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வரவேண்டிய நாளில் ஏஜென்டுக்குக் காய்ச்சல். காரில் அந்த அம்மா மட்டும் வந்து இறங்கினார். “நான் வண்டியப் பாத்துக்கறேன்” என்று என் வீட்டுக்காரர் வெளியே நழுவினார். என்னைவிடக் கூச்சப்படுகிற ஒரே மனிதர் அவர்தான். வண்டியைப் பார்த்துக்கொள்ள டிரைவர் இருந்தார்.

அந்த அம்மா ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். புதுத் துணியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சோபாவில் என் எதிரே உட்கார்ந்து, பேனாவை எடுத்துக்கொண்டு, ஏதோ நீளமாகக் கேட்டார். அதில் வேஸ்ட் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. பிடிபட்ட சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னேன். “நோ வேஸ்ட், மேடம். ஆல் நியூ.”

அவர் மறுபடியும் கேட்டார். நான் இன்னும் உறுதியாக, “நோ, நோ. வெரி க்ளீன் ஃபேமிலி” என்றேன்.

அவர் பேனாவைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார்.

மாமியார் என் முழங்கையைக் கிள்ளினார். “இன்னாடி சொன்ன? மூஞ்சி சுருங்கிப் போச்சே.”

“வேஸ்ட் இருக்குதானு கேட்டாங்க அத்தை. இல்லன்னு சொன்னேன்.”

“நல்லாத்தான சொல்லிக்கீற. அப்பறம் ஏன் எழுந்துக்கறா?”

“அதுதான் வேணுமோ என்னமோ.”

“குப்பைய வாங்கவா பிளேன் ஏறி வந்தா?”

எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் அந்த அம்மா வாசலை நெருங்கிவிட்டார். என்னிடம் வேறு ஆங்கிலம் இல்லை. ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். சொந்த அக்கா கையைப் பிடிக்கவே யோசிக்கிறவள் நான். சமையலறை வழியாக, கொடியில் தொங்கிய லுங்கியைத் தள்ளிவிட்டு, பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

தார்ப்பாய் மேல் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. பக்கத்தில், காரைப் பார்த்துக்கொள்ளப் போன என் வீட்டுக்காரர். எங்களைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு மூட்டைகளை மறைத்து நின்றார். “ஐயோ, இங்க எதுக்குக் கூட்டினு வந்த?”

“நகருங்க” என்றேன். கல்யாணமாகி அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆடுகளும் சேர்ந்து நகர்ந்தன.

அந்த அம்மா மூட்டையைப் பிரித்து, மண்ணிலேயே முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் துணியை அள்ளினார். துண்டு துண்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு ஒரு சின்னத் துணி லேபிளை எடுத்து, மாதிரிக்குக் கொண்டுவந்திருந்த எங்கள் பையின் முன்பக்கம் வைத்துக் காட்டினார். இதைத் தைத்தால் ஆர்டர் என்பது எனக்கே புரிந்தது. லேபிளில் எனக்குத் தெரிந்த அந்த ஒரே சொல் இருந்தது.

பின்னாலேயே வந்த மாமியார், “இன்னா எழுதிக்கீது?” என்றார்.

“வேஸ்ட் துணியில தைச்சதுன்னு, அத்தை.”

“என் பை மேலயா? சொந்தக்காரங்க எதிர்ல நான் தல காட்ட வேணாம்? சிமெண்ட்காரர வரச் சொல்லு.”

அந்த அம்மா என்னைப் பார்த்தார். மாமியாரும் என்னைப் பார்த்தார். நான் பையை வாங்கி, உள்பாக்கெட்டை வெளியே இழுத்து, லேபிளை அதன்மேல் வைத்துப் பிடித்தேன். அந்த அம்மா அதை எடுத்து மறுபடி முன்பக்கம் வைத்தார். நான் உள்ளே வைத்தேன். அவர் வெளியே. நான் உள்ளே. பேச வேண்டியதில்லை என்றால் எனக்கு எவ்வளவு பிடிவாதம் வரும் என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே பையின் வாய்க்குக் கொஞ்சம் கீழே, உள்பக்கமாக, கை விட்டால் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தார்.

மாமியார் குனிந்து பார்த்தார். “பையத் தொறந்தாத்தான தெரியும்?”

“ஆமா அத்தை.”

“அப்ப சரி. காசு குடுத்து வாங்கினவளுக்குத் தெரியட்டும். பஸ்ல பக்கத்துல குந்தறவளுக்கு எதுக்கு?”

சிமெண்ட்காரருக்கு இடம் இல்லை என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினார். லேபிளை மட்டும் தன் கையால் தொடமாட்டேன் என்றுவிட்டார். பை முழுக்க அவர் தைத்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஜன்னலைப் பார்த்தபடி என்னிடம் நீட்டுவார். லேபிளை நான் தைப்பேன்.