என் கடை முகவரியை நானே படித்தேன்

எங்கள் அம்பத்தூர் மோட்டார் ரிப்பேர் கடைக்கு மருமகள் ரேவதி ஒரு வெப்சைட் செய்து தந்திருக்கிறாள். வீட்டிலிருந்தே பழுதைப் பதிவு செய்யலாம்.

ஆனால் அதன் முகவரி ஒரு முழ நீளத்துக்கு இங்கிலீஷ். நான் தமிழ் படிக்கக் கற்றதே போன வருஷம்தான். என் கடை முகவரி எனக்கே படிக்க வரவில்லை.

இன்று வெப்சைட்டுக்கென்று சொந்தமாக ஒரு பெயர் வாங்கினோம். கடைப் பெயர், ஒரு புள்ளி, அப்புறம் இந்தியா. எல்லாமே தமிழ் எழுத்து!

அதை வெப்சைட்டோடு இணைக்கும்போது ரேவதியின் திரையில் மறுபடியும் இங்கிலீஷ் வரிசை வந்தது.

"இன்னாம்மா, தமிழ் பேரு பூடுச்சா?"

"இல்ல மாமா, மெஷினுக்குள்ள அப்படித்தான் இருக்கும். வெளியில தமிழ்லதான் தெரியும். வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."

வாசலில் புது முகவரியைப் போர்டில் எழுத வந்த பாய் ஏணிமேல் பிரஷ்ஷோடு நின்றார். "எழுதட்டா நைனா? இல்ல, பெயிண்டு டப்பாலயே காயட்டுமா?"

"இரு பாய், என் கண்ணால பாத்துட்டு சொல்றேன்."

போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். மூன்று தடவை வரவில்லை. நாலாவது தடவை கடை வந்து நின்றது! மேலே இருந்த முகவரியை எழுத்துக்கூட்டி நானே படித்தேன்.

"எழுது பாய்!" நான் போட்ட சத்தத்தில் ஏணியே ஆடிவிட்டது.

முகவரி கமெண்டில் இருக்கிறது. அதற்குள் மூன்று பேர் பழுது பதிவு செய்துவிட்டார்கள். போன் போட்டுக் கேட்டால், "மோட்டார் நல்லா ஓடுது அண்ணாத்தே, சும்மா அமுக்கிப் பாத்தோம்" என்கிறார்கள்.

உண்மையிலேயே மோட்டார் கெட்டுப்போனவர் யாராவது இருக்கிறீர்களா?