காதக்கா முடித்து வைத்த புகார்கள்

குடிநீர் அலுவலகத்தின் புகார் அறையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு, ஃபிட்டர்களான நாங்கள் வைத்த பெயர் காதக்கா. காரணம் இருக்கிறது. குழாய் சரியாகிவிட்டது என்று நாங்கள் ஐந்து பேரும் சத்தியம் பண்ணினாலும் அவர் நம்பமாட்டார். புகார் கொடுத்த வீட்டுக்கே போன் போடுவார். "குழாய்க்கு அடியில பக்கெட்ட வச்சுத் திறந்து விடுங்கம்மா. போனை கிட்ட பிடிங்க," என்பார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தண்ணீர் நன்றாக வருகிறதா, பேருக்குச் சொட்டுகிறதா என்று விழும் சத்தத்திலேயே தெரிந்துகொள்வார். "தம்பி, அங்க வெறும் காத்துதான் வருது, திரும்பப் போங்க" என்று எத்தனை தடவை என்னைப் பாதி வழியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்! வாய்க்குள் திட்டிக்கொண்டே போவேன். போய்ப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அது இன்னும் எரிச்சல்.

அவருக்கு வலது முழங்கால் மடங்காது. நின்று செய்யும் வேலை எதற்கும் போக முடியாது. கணவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டோடு இருக்கிறார். மகள் நர்சிங் இரண்டாம் வருடம். அந்தக் குடும்பமே அந்த ஒரு நாற்காலியின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அதுவும் நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்.

இப்போது எங்கள் குட்டையும் உடைத்துச் சொல்லியாக வேண்டும். எந்தப் புகாரையும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. தாண்டினால் கம்ப்யூட்டரில் அது சிவப்பாகிவிடும், சம்பந்தப்பட்ட ஃபிட்டருக்கு மெமோ வரும். முன்னூறு தெருவுக்கு ஐந்து ஃபிட்டர்கள். விதி போட்ட மகராசன் ஒரு நாளாவது பள்ளத்தில் இறங்கி ஒரு வால்வைத் திருகிப் பார்த்திருப்பானா? எங்களால் முடியாது. அதனால் காதக்காவிடம் போய் நின்றோம். முதலில் போய்க் கெஞ்சியது நான்தான்.

"அக்கா, எங்களுக்குப் போன் பண்ணின உடனே முடிஞ்சதுன்னு போட்டுடுங்க. நாங்க எப்படியும் போய்ச் செஞ்சிடுவோம்ல?"

"செய்யாம விட்டீங்கன்னா?"

"நீங்க விட்டுடுவீங்களாக்கும்!"

அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து, எங்களுக்குத் தகவல் சொன்ன கையோடு கம்ப்யூட்டரில் 'தீர்க்கப்பட்டது' என்று போட்டுவிடுவார். உண்மையான கணக்கு அவருடைய கோடு போட்ட நோட்டில் இருக்கும். தண்ணீர் சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் அந்தப் புகாரை நோட்டில் அடிப்பார். இப்படியே பதினோரு வருடம் ஓடியது. ஒரு மெமோ வரவில்லை, ஒரு வீடும் விட்டுப் போகவில்லை.

போன வருடம் புது அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்த மாட்டார். அவர்தான் அந்தச் செயற்கை நுண்ணறிவை எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார். யார் போன் செய்தாலும் இனி இயந்திரமே எடுக்கும், பேசும், புகாரைப் பதிவு செய்யும், ஃபிட்டருக்கு அனுப்பும். அந்தக் குரலின் குழைவைக் கேட்டு நாங்கள் அதற்குச் சர்க்கரை என்று பெயர் வைத்தோம். மூன்று மாதம் சோதனை. தேறிவிட்டால் புகார் அறை நாற்காலி தேவைப்படாது. அதுவரை சர்க்கரைக்குப் புரியாத அழைப்புகளை மட்டும் காதக்கா எடுக்க வேண்டும்.

"உங்க பதினோரு வருஷப் பதிவ வச்சுத்தாம்மா இதுக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க. பெருமைப்படணும் நீங்க," என்றார் அதிகாரி.

"பெருமைதான் சார்," என்றார் காதக்கா. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

முதல் மாதம் சர்க்கரை போட்ட போடு இருக்கிறதே! ஒரு புகார் தீர ஆகும் சராசரி நேரம் நான்கு நிமிடம் என்று கூடத்துத் திரையில் ஓடியது. நான்கு நிமிடத்தில் நான் செருப்பைக்கூட மாட்டியிருக்க மாட்டேன். பார்க்க வந்த பெரிய அதிகாரிகள் கை தட்டினார்கள். எங்களுக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். விரட்ட ஆள் இல்லை, திருப்பி அனுப்பக் காது இல்லை. தூரத்துத் தெருவை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினோம், நாளை நாளை மறுநாள் ஆனது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தது நான்தானே.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு பெண் கையில் பாட்டிலோடு நேராகப் புகார் அறைக்குள் வந்துவிட்டாள். பாட்டிலில் இருந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது. மூடியைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் குப்பென்று அடித்தது.

"பதினோரு தடவ போன் பண்ணிட்டேன். ஒவ்வொரு தடவையும் உங்க புகார் தீர்க்கப்பட்டது, நன்றின்னு சொல்லுது. என்னத்தத் தீர்த்தீங்க? எங்க தெருவுல ஏழு புள்ளைங்க ஆஸ்பத்திரில கிடக்குது. என் பொண்ணு அதுல ஒண்ணு," என்று மேசையில் பாட்டிலை வைத்தாள்.

காதக்கா திரையில் தேடினார். பதினோரு புகாரும் இருந்தன. பதினொன்றும் தீர்க்கப்பட்டது என்றே இருந்தன. ஒவ்வொன்றும் பதிவான நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பார்த்தார். ஃபிட்டருக்குத் தகவல் போன அதே நிமிடம். அந்தத் தெரு என் பொறுப்பில் இருந்த தெரு. என் போனில் பதினோரு தகவலும் இருந்தன. தீர்க்கப்பட்டது என்று பக்கத்திலேயே போட்டிருந்ததால் நான் ஒன்றையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அன்று மதியமே தோண்டினோம். கழிவுநீர்க் குழாய் ஓட்டைக்கும் குடிநீர்க் குழாய் விரிசலுக்கும் நடுவே ஒரு சாண் மண்தான் இருந்தது. இரண்டு குழாயையும் மாற்றிவிட்டு, சேறும் சகதியுமாக அலுவலகத்துக்குத் திரும்பினேன். காதக்கா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாழாய்ப்போன மெஷின்க்கா. அதத் தூக்கிக் குப்பையில போடணும்," என்றேன்.

"அது மேல பழி போடாதீங்க தம்பி. தகவல் சொன்னா முடிஞ்சதுன்னு நான்தான் பதினோரு வருஷமா போட்டேன். அதப் பார்த்துத்தான் அதுவும் போடுது. இந்த நோட்ட யாரு அதுக்குக் காட்டினாங்க?"

நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். "வெளிய சொல்லிடாதீங்க. மெஷின் கோளாறுன்னு இருக்கட்டும். சோதனையில தோத்துடும், உங்க நாற்காலியும் தப்பிச்சிடும். தானா வந்த யோகம்க்கா இது!"

"அந்த ஒரு தெருவ மட்டும் சரி பண்ணிட்டு மறுபடி ஓட விட்டாங்கன்னா? இன்னும் எத்தன தெருவுல முடிஞ்சது முடிஞ்சதுன்னு கிடக்குதோ! அந்தப் பொம்பள பாட்டில வச்ச இடம் இன்னும் நாறுது தம்பி." பிறகு மெதுவாகச் சொன்னார்: "சொன்னா எனக்கு வேலை போகும், தெரியும். பொய்யா பதிஞ்சேன்னு சொல்லுவாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். எங்களால முடியல, நாங்கதான் கேட்டோம்னு. அஞ்சு பேருக்கு மெமோ குடுத்துட்டு விட்டுடுவாங்க. இந்த நாற்காலி போனாலும் எனக்கு வேற மேசையாவது குடுப்பாங்க. நீங்கல்லாம் நிரந்தரம். உங்கள வேலைய விட்டு அனுப்ப முடியாது."

"சொல்றேன்க்கா. இது கூடச் செய்ய மாட்டேனா?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

திங்கள்கிழமை விசாரணைக் கூட்டம். நீள மேசை, அதிகாரிகள் நான்கு பேர், சர்க்கரையைச் செய்து கொடுத்த நிறுவனத்துப் பையன்கள் இரண்டு பேர். நாங்கள் ஐந்து பேரும் சுவரோரம் நின்றோம். காதக்கா காலை நீட்டி உட்கார்ந்தபடி ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நோட்டை மேசையில் வைத்தார். பையன்கள் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தார்கள், அவர்கள் முகத்தில் பல்பு எரிந்தது. கோளாறு பிடிபட்டுவிட்டது அல்லவா? அதே வாரத்தில் திருத்திவிட்டார்கள். பழைய புகார்களைத் தோண்டியதில் இன்னும் நாற்பத்தாறு வீடுகள் தண்ணீரில்லாமல் கிடந்தது தெரிந்தது.

அந்தக் கூட்டத்திலேயே அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். "இந்தம்மா சொல்றது நிஜமா? நீங்க கேட்டுத்தான் அப்படிப் போட்டாங்களா?"

காதக்கா என்னைப் பார்த்தார். மற்ற நால்வரும் தரையைப் பார்த்தார்கள். என் கண்ணுக்கு முன்னால் அந்தப் பதினோரு தகவலும் வந்து நின்றன. வாயைத் திறந்தால் மெமோவோடு போகாது, ஏழு பிள்ளைகளும் என் தலையில் விழுவார்கள் என்று பட்டது.

"தெரியல சார். நாங்க ஃபீல்டுல இருப்போம். கம்ப்யூட்டர்ல என்ன போடுவாங்கன்னு எங்களுக்குத் தெரியாது," என்றேன்.

அந்தக் குரல் என்னுடையதுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. காதக்கா என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

பொய்ப் பதிவு செய்த காரணத்தால் ஒப்பந்தம் ரத்து என்று பத்தே நாளில் கடிதம் வந்தது. திருந்திய சர்க்கரை தேறிவிட்டது. அவர் கிளம்பிய அன்று வாசலில் பஸ்ஸுக்கு நின்றவரிடம் போனேன். "அக்கா, நான் இப்பவே போய்ச் சொல்லிடறேன்," என்றேன்.

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? நான் என்ன அதிகாரியா?" என்றார். பஸ் வந்தது. மடங்காத காலை இழுத்துப் படியேறினார். கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார்.

மறுநாள் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "வாயால சொன்னா எப்படி? எழுத்துல குடுங்க. பதினோரு புகார் எப்ப வந்துச்சு, ஏன் போகல, எல்லாம் வரணும். குடுத்தீங்கன்னா அந்தம்மா கேஸ மறுபடி எடுக்கலாம்," என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். காதக்கா மேல்முறையீடு செய்ய ஒரு மாதம் கெடு என்றும் சொன்னார்.

இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். இன்னும் அதில் என் பெயரைக்கூட எழுதவில்லை.