நடுவில் யாருமில்லை

சுரங்கத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பாம்புச்செவி. மேலே வரிசையாக நட்ட கருவிகள் வழியே, பூமிக்கடியில் யார் எங்கே தட்டுகிறார்கள் என்று கணித்துச் சொல்வது இருபது வருஷமாக அவள் வேலை. பாழாய்ப்போன மண் கூரான சத்தத்தையெல்லாம் விழுங்கிவிட்டு மந்தமான முனகலைத்தான் மேலே அனுப்பும். இரண்டு பேர் அருகருகே தட்டினாலும் திரையில் ஒரே மேடுதான். அதைப் பிரித்தெடுக்கத்தான் அவளுக்குச் சம்பளம்.

"நீ மேல இருக்கறப்ப எனக்கென்னக்கா பயம்?" என்பான், உள்ளே வேலை பார்த்த தம்பி.

அன்று பாதை சரிந்து ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். தம்பியும் ஒருவன். இயந்திரங்களை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் கேட்டாள். டொக், டொக். யாரோ உயிரோடு இருக்கிறார்கள்! மேடு சற்று அகலமாக இருக்கிறதே என்று இரண்டு புள்ளிகளாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரு தரம் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. மறுதரம் ஒன்று எங்கோ ஓடிப்போனது. எல்லாம் இரைச்சலின் வேலை. இன்னும் அரைமணி நேரத் தட்டல் சேர்ந்தால் புள்ளிகள் அடங்கி நிற்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணா, ரெண்டா? சீக்கிரம் சொல்லும்மா, உள்ள காத்து தீருது," என்றார் பொறியாளர்.

கொஞ்சம் பொறுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. அடிப்பாவி, கேட்டிருந்தால் அவகாசம் கொடுத்திருப்பார்! தம்பி மூச்சுக்குத் தவிப்பானே என்ற பதைப்பில் விழுங்கிவிட்டாள்.

"ஒண்ணுதான். இங்க தோண்டுங்க."

எட்டு மணி நேரம் தோண்டினார்கள். சொன்ன இடத்திலிருந்து இம்மி பிசகவில்லை. அங்கே இருந்தது வெறும் பாறை. பாறைக்கு இந்தப்புறம் ஒருவர், அந்தப்புறம் தம்பி. இரண்டு தட்டலும் கலந்தால் மேட்டின் உச்சி நடுவில்தானே விழும்! பக்கவாட்டில் உடைத்துப் போவதற்குள் இருவருமே அடங்கிவிட்டார்கள். மற்ற நால்வரும் சரிவிலேயே போயிருந்தார்கள்.

விசாரணையில் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. துளையிடும் இயந்திரம் வந்து சேரவே நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. அந்த நேரத்துத் தட்டலையும் கருவிகள் பதிவு செய்திருந்தன. அதைச் சேர்த்துக் கணக்கிட்டாள். இரண்டு புள்ளிகள் ஆணி அடித்தாற்போல் நின்றன. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

வீட்டில் தம்பி மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அண்ணி, அவரு தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?"

என்ன பொய் சொல்லலாம் என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"கேட்டுச்சும்மா," என்றாள்.