மூன்றாம் தளத்துக் கதவு

இதை நம்பும்படி உங்களை நான் கேட்கவில்லை. பேய்க் கதை சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவர்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான். நள்ளிரவும் இல்லை, அமாவாசையும் இல்லை. பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலே முக்கால் மணி.

அலபாமாவின் கடற்கரையில், எங்கள் ஊருக்குப் பக்கத்து விரிகுடாவில், பழைய போர்க்கப்பல் ஒன்று நிற்கிறது. போரில் ஆட்கள் செத்த கப்பல். இப்போது நுழைவுச்சீட்டு வாங்கினால் பீரங்கிக் குழாய் மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். வெளியே வேகவைத்த வேர்க்கடலை. உள்ளே கடையில் பஞ்சு அடைத்த மாலுமிப் பேய் பொம்மை, மூன்று நிறத்தில். செத்தவர்களை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

அங்கே என் மைத்துனன் டில்மன் வழிகாட்டி. ஒருநாள்கூடக் கடற்படையில் இருந்ததில்லை. ஆனால் தலையில் எப்போதும் கடற்படைத் தொப்பி. அவன் தங்கை லோரீன்தான் என் மனைவி. அவள் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அடைந்து கிடக்காதே, மருமகளைக் கூட்டிக்கொண்டு வா என்று வாராவாரம் நச்சரித்தான். நச்சரிப்பு தாங்காமல் போனேன்.

மகள் வில்லாவுக்கு ஏழு வயது. தாய் போனபிறகு அதிகம் பேசுவதில்லை. எனக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான்.

டில்மன் வழக்கமான கதையை எடுத்துவிட்டான். தலையில்லாத சமையல்காரன், இரவில் உருளும் குண்டு. எல்லாம் அவனே கட்டியது. சுற்றுலாக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"நீ கொஞ்சம் பயந்த மாதிரி மூஞ்சிய வச்சுக்கக் கூடாதா, மாப்ள? வந்தவங்களும் உன்னப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"உன் தொப்பியப் பாத்துச் சிரிக்கிறாங்க."

கடைசிக் கூட்டம் வெளியேறியதும் எங்களைச் சாப்பாட்டுத் தளத்துக்குக் கூட்டிப்போனான். சுவரில் பழைய தொலைபேசி. காதில் மாட்டிக்கொண்டு, நெஞ்சில் தொங்கும் வாய்க்குழலில் பேச வேண்டும். மின்சாரமே வேண்டாம். பேசுகிறவன் குரலின் அதிர்வே கம்பியில் போய்விடும். போரில் ஒரு வழக்கம் உண்டாம். மறுமுனையில் கேட்டவன் முதலில் கேட்ட வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் பதில். குண்டுச் சத்தத்தில் பிழை வராமலிருக்க. அவன் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றுதான்.

வாய்க்குழலைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன்.

வில்லா இல்லை.

இரண்டு முறை கூப்பிட்டேன். இரும்புச் சுவர்கள் என் குரலையே திருப்பித் தந்தன. டில்மன் முதலில் சிரித்தான். பிறகு, கீழே இறங்கும் ஏணிக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது.

மூன்றாம் தளத்தில் ஓர் அறையைச் சாயம் பூசத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்றான். பல வருடம் மூடிக் கிடந்த அறை. இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடும். உள்ளே போனால் நாற்றம் வராது, மூச்சும் முட்டாது. ஆள் சரிந்துவிடுவான். குழந்தை என்றால் இரண்டு மூச்சு போதும்.

"உள்ள காத்தடிக்கிற காத்தாடி?"

"வெள்ளிக்கிழமையே நிறுத்திட்டாங்க."

"கதவு?"

"தெறந்துதான் இருக்கு."

அவனை அடிக்க நேரமில்லை. எந்த அறை என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. முன்பக்கம் என்று நினைத்தான். இரண்டு பேரும் வழி தவறினால் குழந்தை கதி அதோகதி, எல்லாத் தளத்திலும் இதே தொலைபேசி இருக்கிறது, அவளைப் பார்த்தால் கீழேயிருந்து பேசுகிறேன், நீ இங்கேயே நில் என்று சொல்லிவிட்டு ஓடினான்.

கருவியைக் காதில் மாட்டினேன்.

ஸ்ஸ்ஸ்... என்ற இரைச்சல். வேறு ஒன்றுமில்லை.

பிறகு... யாரோ மூச்சு விடும் சத்தம்.

"டில்மன், கெடச்சாளா?"

"'கெடச்சாளா'ன்னு கேக்குறீங்க. சரிங்க."

டில்மன் குரல் இல்லை. இருபது வயதுகூட இருக்காது. இந்த நேரத்தில் விளையாடும் ஊழியன் எவனோ என்று நினைத்தேன். ஆத்திரம் வந்தது.

"என் பொண்ணு எங்கடா?"

"'என் பொண்ணு எங்க'. சரிங்க. மூணாந்தளம். பின்பக்கம், இடது. பாப்பா வெளியதான் நிக்குது. கதவ நான் மூடிட்டேன்."

"நீ யாரு?"

மூச்சு மட்டும். பாரம் தூக்குகிறவனின் மூச்சு.

"சீக்கிரம் வாங்க. உள்ளருந்து தெறக்கப் பாக்குறாங்க."

"யாரு?"

ஸ்ஸ்ஸ்...

ஓடினேன். இரண்டு ஏணி. கைவிளக்கு இல்லை. சிவப்பு விளக்கு மட்டும்.

பின்பக்கம். இடது.

வில்லா நின்றிருந்தாள். மூடிய இரும்புக் கதவில் காதை வைத்து... கோபமாக.

"அப்பா, அந்த அண்ணா தெறக்க மாட்டேங்குறாரு."

"எந்த அண்ணா?"

"உள்ள இருக்குறவரு. அம்மா தெறக்கச் சொல்றாங்க. அவரு, 'காத்து கெட்டுப்போச்சு பாப்பா, மேல போ'ன்னே சொல்றாரு."

கதவைப் பூட்டித் திறக்கும் சக்கரத்தைப் பிடித்தேன்.

திறக்கத்தான் பிடித்தேன்.

சக்கரம் அசையவில்லை. ஆனால் அதிர்ந்தது. இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் திருப்புவது போல.

காதை வைத்தேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். டில்மன் அப்போதும் முன்பக்கத்தில் கத்திக்கொண்டிருந்தான். எந்தத் தொலைபேசியையும் அவன் தொடவில்லை. ஊழியர்கள் எல்லோரும் நாலரைக்கே கரையில் இருந்தார்கள்.

புதன்கிழமை டில்மன் போன் செய்தான். கதவைத் திறக்க முடியாமல் வெட்டி எடுத்தார்களாம். சக்கரம் திரும்பாதபடி ஓர் இரும்புக் குழாய் செருகப்பட்டிருந்தது. உள்பக்கம். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. உள்ளே ஆள் யாரும் இல்லை. காற்றை அளக்கும் கருவி வாசலிலேயே அலறியது.

அலுவலகம் குஷியாகிவிட்டதாம். கதவுக்குக் கண்ணாடி போட்டுக் காட்சிக்கு வைத்து, தனிச் சீட்டு அடிக்கப் போகிறார்கள். என்ன கதை சொல்லலாம் என்று டில்மனைத்தான் கேட்டார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான்.

"ஒரு படம் அனுப்பிருக்கேன், மாப்ள. பாத்துட்டு அழிச்சிரு. பாப்பாகிட்டக் காட்டாத."

கதவின் உள்பக்கம். துருவின் மேல் ஒரு கை பதிந்திருந்தது. சிறிய கை, பெண்ணுடையது. இடது கை. கடைசி இரண்டு விரல்கள் பாதியில் நின்றிருந்தன.

லோரீனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவள் அப்பாவின் இறால் படகில் வலை இழுக்கும் இயந்திரம் அந்த இரண்டு விரல்களைப் பாதியாக வெட்டியது. டில்மன் அப்போது பக்கத்தில் இருந்தான்.

படத்தை நான் அழிக்கவில்லை. பலமுறை பார்த்துவிட்டேன். அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஓர் ஊழியன் நிற்கிறான். நின்றபடி கதவைத் தள்ளுகிறவர்களின் கை தோள் உயரத்தில் படும். இந்தக் கை அவனுடைய இடுப்புக்குச் சற்று மேலே இருக்கிறது.

வெளிப்பக்கத்தில் என் மகள் கன்னத்தை வைத்திருந்த உயரம் அது.