ஓரத்தில் ஒரு நூல்

புடவையை மடிக்கும் முன் கலீம் புறங்கையால்தான் தடவிப் பார்ப்பார். உள்ளங்கை வியர்க்கும், பட்டில் படும். வெளிச்சத்துக்குச் சாய்த்து, துருத்தி நிற்கும் பிசிறை ஊசிமுனையால் தூக்கி, கத்தரித்து, உஃப் என்று ஊதிவிடுவார். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையொன்றில் இதுதான் அவர் வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சட்டையில் பிசிறு தெரிந்தாலும் கை போய்விடும்.

அவருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஆனந்தராஜுக்கும் பொதுவில் ஒரு தொலைநோக்கி. அதன் வாயில் வெயிலைக் குறைக்கும் வடிகட்டித் தாளை மாட்டி, கலீம் வீட்டு மொட்டைமாடியில் தினமும் காலையில் சூரியனைப் படமெடுப்பார்கள். சூரியன்மேல் கரும்புள்ளி ஒன்று இந்த ஓரத்தில் தோன்றி அந்த ஓரத்தில் மறைகிறவரை ஒருநாளும் விடாமல் எடுத்துவிட வேண்டும் என்பது ஆனந்தராஜின் ஆசை. ஒவ்வொரு தடவையும் பாதியில் மேகம் வந்து கெடுத்தது.

இந்தத் தை மாதம் வானம் வழிவிட்டது. புள்ளி கடைசி ஓரத்துக்கு வரவேண்டிய அன்றைக்குப் பார்த்து ஆனந்தராஜின் மகள் சந்தியாவுக்கு நிச்சயதார்த்தம்.

“பாய், இன்னிக்கு நீயே எடுத்துடுபா. நாளைக்கு அது அந்தாண்ட போய்டும்.”

“நீ போய் மாப்ள வீட்டுக்குக் காபி குடு. சூரியன் எங்க ஓடிடப் போவுது?”

ஓரத்துக்கு வந்த புள்ளியை கலீம் அதுவரை பார்த்ததில்லை. செல்போனைப் பொருத்தி எடுத்த படத்தில் வட்டமான புள்ளியைத் தேடினார். இல்லை. விளிம்பை ஒட்டி மெல்லிசாகக் கறுப்பு நூல் மாதிரி ஏதோ கிடந்தது. கை சும்மா இருக்குமா? போனில் படத்தைத் திருத்தும் இடத்துக்குப் போய், விரலால் தேய்த்து அதை அழித்துவிட்டு, ‘புள்ளி போய்டுச்சு’ என்று எழுதிப் படத்தோடு அனுப்பினார்.

மறுநாள் ஆனந்தராஜ் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

“இந்த எடம் மட்டும் இன்னா பாய் மழமழன்னு இருக்குது?”

“நூல் ஒண்ணு ஒட்டிக்கினு இருந்துச்சு. எடுத்துட்டேன்.”

“அதான் பாய் புள்ளி. ஓரத்துக்குப் போனா ஒருக்களிச்சுத்தான தெரியும்?” போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “சூரியனுக்கே பிசிறு எடுத்த ஒரே ஆளு நீதான்பா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதன்பிறகு மாடிக்கு வரவில்லை. கேட்டால் சவாரி இருக்கிறது என்பார். கலீமுக்கு அந்தப் படத்தை வைத்திருக்கவே மனம் ஒப்பவில்லை. எல்லாவற்றையும் அழித்து, அந்தப் போனையே கடையில் கொடுத்துவிட்டு வேறு வாங்கினார்.

ரம்ஜானன்று புதுப் போனில் எடுத்த குடும்பப் படத்தின் ஓரத்தை வெட்டும்போது மகள் ஷாஹிஸ்தாவின் தலையும் சேர்ந்து போய்விட்டது. கலீம் பதறினார்.

“ஏன் அத்தா பதறுற? இத்த அமுக்கினா பழசு அப்படியே வந்துடும்.”

அமுக்கினாள். தலை திரும்ப வந்தது.

“பழைய போன்லயும் இது இருந்துச்சா?”

“இருந்துச்சே. படத்த நீ அழிக்காத வரைக்கும் வந்திருக்கும்.”