மணி அடித்ததும் உட்கார்ந்துவிட்டார்

எனக்குப் பட்டிமன்றம் என்றாலே ஆகாது. கேட்பவர்களுக்கு வயிறு குலுங்க வேண்டும், பேசுபவர்களுக்குக் கைத்தட்டல் வேண்டும், நடுவருக்குப் பொன்னாடை வேண்டும். உண்மை யாருக்கு வேண்டும்? அப்படியிருந்தும் எங்கள் பொந்தியான் ஊர்க் கோயில் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் கட்டியிருந்த பேனர்தான் இழுத்தது: ‘பயங்கரவாதத்தை வளர்ப்பது மதவெறியா? வல்லரசுகள் நட்பு நாடுகளுக்குத் தரும் உதவியா?’

என் கணவர் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு வெளிநாடு போனவர். அங்கே ஒரு சந்தையில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்துச் செத்தார். வைத்தது யார் என்று சொன்னார்கள். ஏன் என்று மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களைக் கேட்டால் தலையெழுத்து என்பார்கள். தலையெழுத்தாம்! கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ‘ஏன்’ இங்கேயாவது கிடைக்குமா என்றுதான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

மதவெறி அணி முதலில் பேசியது. எனக்குத் தெரிந்ததையே மைக் கிழியக் கத்தினார்கள். அடுத்து எதிரணியில், பக்கத்து ஊரான ஸ்கூடாயிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியர் எழுந்தார். அவர் கத்தவில்லை.

“ஒரு வல்லரசு தன் நட்பு நாட்டுக்கு உதவி என்று பணம் கொடுக்கிறது. அந்தப் பணத்தில் வாங்கிய விமானம் ஒரு கிராமத்தின் மேல் குண்டு போடுகிறது. அங்கே தம்பியைப் புதைத்தவனால் வல்லரசைத் தேடிப் போக முடியாது. கைக்கு எட்டுகிற சந்தைக்குப் போகிறான்.”

அந்தக் கொலைகாரன் எங்கிருந்து வந்தான் என்று முதல்முறையாக ஒருவர் எனக்குச் சொல்கிறார். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்.

“சரி, அந்தச் சந்தையில் நின்றவர்கள் செய்த குற்றம் என்ன?” என்று ஆசிரியர் தொடங்கினார். மணி அடித்தது. உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குப் பிறகு அதே அணியில் ஓர் அம்மாள் பேச வந்தார். “நடுவர் அவர்களே! எங்க வீட்டுக்காரரு அவங்க அம்மாவுக்கு மாசாமாசம் நிதியுதவி பண்றாரு. அப்புறம் வீட்டுல நான் குண்டு போடாம என்ன பண்ணுவேன்?”

மண்டபமே அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்தவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியைத் தூக்கி மேடையில் எறியலாமா என்றிருந்தது. கடைசியில் நடுவர், இரண்டுமே காரணம் என்று தீர்ப்புச் சொல்லிப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டார்.

முடிந்ததும் மண்டபத்தின் பின்னால் பீஹூன் சேமியா கொடுத்தார்கள். தட்டோடு நின்ற ஆசிரியரைப் பிடித்தேன்.

“தம்பி, மணி அடிச்சப்ப ஒன்னு சொல்ல வந்தீங்களே. சந்தையில நின்னவங்க என்ன குத்தம் செஞ்சாங்கன்னு. அதுக்கு என்ன பதிலு?”

அவர் மென்றுகொண்டே யோசித்தார். “அலமாக், மறந்துபோச்சுக்கா. சீட்டுப் போட்டப்ப எனக்கு இந்த அணி விழுந்துச்சு. அந்தப் பக்கம் விழுந்திருந்தா அதையும் இப்படியே பேசியிருப்பேன்லா. எப்படி, நல்லா இருந்துச்சா?”

என் கணவர் செத்த கதையை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பட்டிமன்றத்தில் அதையும் சேர்த்துக்கொள்வார்.

“நான் நம்பிட்டேன், தம்பி” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ரொம்ப தேங்க்ஸ்க்கா!” என்றவர், பக்கத்தில் நின்ற நடுவரைக் கூப்பிட்டு, நான் சொன்னதை அவரிடம் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.