சித்தப்பா நாடகத்தில் பூக்கேட்டது

துடியலூரில் எங்கள் மோட்டார் பட்டறைக்கு மேலே நீளமாக ஒரு ஹால். அதில்தான் சித்தப்பா நாடகம் போட்டுக்கொண்டிருந்தார். பழைய கதையைத் தொடமாட்டார். எல்லாம் அவரே புதிதாக எழுதியது. பிளாஸ்டிக் நாற்காலிகள், சென்னிமலைப் போர்வைகளைத் தைத்து ஒரு திரை. கீழே லேத் ஓடினால் மேலே கதாநாயகனுக்கும் உடம்பு நடுங்கும்.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "தைப்பூசம் முடிஞ்சதும் மேல சரக்கு ஏத்தோணும். இதான் கடைசி நாடகம்" என்று பட்டறை ஆட்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான். "செரீங்கண்ணா" என்ற சித்தப்பா அன்றைக்குச் சரியாகச் சோறு தின்னவில்லை.

அந்த நாடகத்தில் எனக்கும் வேஷம். பெண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்பலாமா என்று ஒரு குடும்பம் முருகனிடம் பூக்கேட்கும். எங்கள் பக்கம் கல்யாணமோ கிணறோ, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். நினைத்த நிறம் வந்தால் சாமி உத்தரவு. அந்தக் குழந்தைதான் நான்.

மேடையில் இருந்தது எங்கள் வீட்டுச் சாமி அறைப் படம். பூசாரி வேஷக்காரர் சூடம் கொளுத்தியதும், முன்வரிசையில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து கும்பிட்டார். அவரைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். ஒரு அம்மா திருநீற்றுக்குக் கையை நீட்டினார். வேஷக்காரர் திருதிருவென்று விழித்தார்.

நான் பொட்டலத்துக்குக் குனிந்தேன். "கொஞ்சம் இரு கண்ணு" என்றார் அப்பா. பிறகு பூசாரியிடம், "ஏனுங்க, எனக்கும் சேத்திக் கேளுங்க. செவப்பு வந்தா இந்த ஹாலு எந்தம்பிக்கே. வெள்ளை வந்தா நாளைக்கே சரக்கு ஏறும்."

"இது நாடகமுங்க" என்று பூசாரி முணுமுணுத்தார்.

"சாமி நெசந்தானுங்களே."

திரையோரத்தில் சித்தப்பா வாயைத் திறந்தபடி நின்றார். முருகா முருகா என்று கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தால், செவ்வரளி. ஹாலே கைதட்டியது.

"உத்தரவு ஆயிப்போச்சு, நானென்ன பண்றது" என்று அப்பா பட்டறை ஆட்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்லி, பெரிய நஷ்டக்காரர் போல முகத்தை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நடிகர்கள் பாதி வசனத்தை மறந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

முருகன் என் கையால் பேசினான் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எனக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "கதைக்குச் செவப்பு வந்தாவோணுமல்லோ, ரண்டு பொட்டலத்துலயும் செவ்வரளியத்தான் வெச்சுக் கட்டுனேன். பூவப் பறிச்சுக் குடுத்ததே உங்கப்பாருதான். சொன்ன சொல்ல அவரா திருப்பி வாங்குவாரா? சாமி தலைல வெச்சுப்போட்டாரு."

இருந்தாலும் அப்பா அன்று கும்பிட்டது பொய்க் கும்பிடு இல்லை. மேடையிலிருந்து நான் பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சிவப்பு வந்த பிறகும் அது காயவில்லை. எதற்கு அழுகிறார் என்றுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.